காலிக் குப்பிகளைச் சேர்த்த மதினிக்கு

என் அன்பு ஜெயராணி மதினிக்கு,

இன்று உங்களுக்கு முப்பதாம் நாள் பூசை. கோவில் நிறைந்துவிட்டது. மலைக்கோடியிலிருக்கும் பூண்டி ஊரிலிருந்துகூட ஜீப் பிடித்து ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். செத்துப்போனவர்களைப் பற்றி எல்லோரும் நல்லதாகப் பேசும்போது எனக்கு உடனே சந்தேகம் வரும். உங்கள் விஷயத்தில் மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பொறுமைசாலி, இன்முகத்தோடு சேவை செய்தவர், ஏழைகளின் தோழி என்று எழுதினால் அச்சடித்துவிடுவார்கள். எனக்கு அப்படி எழுத வராது. பேனாவை எடுத்தால் உங்களுக்குக் கடிதமாகத்தான் வருகிறது. ஒரு பக்கத்துக்குள்ளும் நிற்காது போலிருக்கிறது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் உங்களைப் பற்றி, ஆஸ்பத்திரியை நடத்திய கன்னியாஸ்திரி மதருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. அதனால் உங்கள் கையிலிருந்த குழந்தைகள் வார்டு போயிற்று. அதை எழுதியது யார் என்று கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இன்றைக்குப் பதில் சொல்கிறேன் மதினி. நான்தான் எழுதினேன்.

இதை வாசிக்கிற சின்ன நர்சுகளுக்கு அந்தக் காலத்துக் கதை தெரியாது. அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது மருந்தெல்லாம் மதுரையிலிருந்து வத்தலக்குண்டில் ஒரு சரக்குக் கிட்டங்கிக்கு வரும். அங்கிருந்து மலையேற்றுவது என் அண்ணன் அருள்தாஸ். உங்கள் வீட்டுக்காரர். அவர் காய்கறி லாரி ஓட்டினார். வெள்ளனே கோசும் கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு இறங்குவார். திரும்பி வரும்போது காலி லாரியில் நம் ஆஸ்பத்திரிப் பெட்டிகளை ஏற்றி வருவார். அதனால் கட்டுப்போடும் துணியைப் பிரித்தால் குப்பென்று பூண்டு வாசனை அடிக்கும். ஆபரேஷன் அறையில் டாக்டர் மூக்கை உறிஞ்சிவிட்டு, “இன்னைக்கு ஆபரேஷனா, ரசமா?” என்று கேட்பார். நீங்கள் முகமூடிக்குள் சிரிப்பீர்கள், தோள் குலுங்கும்.

லாரியில் அண்ணன். மருந்து ஸ்டோரில் அவர் தங்கச்சி நான். குழந்தைகள் வார்டில் நீங்கள். ஒரு மருந்து மலையேறி ஒரு பிள்ளையின் உடம்புக்குள் போகிறவரை நம் ஒரே வீட்டு ஆட்கள் கையில்தான் இருந்தது. மற்றவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். நான் குப்பிகளை இன்னொரு தடவை எண்ணுவேன். ஒரு குப்பி குறைந்தாலும் ஊர் யாரைச் சொல்லும்?

அதனால் ஸ்டோரில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று நினைப்பு. யார் எவ்வளவு கேட்டு சீட்டு அனுப்பினாலும் பாதிதான் கொடுப்பேன். இருபது பென்சிலின் குப்பி என்று எழுதி வந்தால் பத்து. எல்லோரும் கூட்டித்தான் எழுதுவார்கள், பாதி கொடுத்தால் சரியாக இருக்கும் என்பது என் கெட்டிக்காரத்தனம்.

நர்சுகள் சும்மா இருப்பார்களா? பாதிதான் வரும் என்று தெரிந்ததும் இருபதுக்கு நாற்பது எழுதினார்கள். இரட்டித்து எழுதுவது எனக்குத் தெரிந்துபோனது. அதிலும் இன்னும் வெட்டினேன். அவர்கள் எண்பது எழுதினார்கள். அந்தச் சீட்டுகளில் இருந்த எண்கள் எதுவும் நோயாளியைப் பார்த்து எழுதியவை அல்ல. என் மூஞ்சியைப் பார்த்து எழுதியவை. பிரசவ வார்டு பாக்கியம் ஒருநாள் ஸ்டோர் ஜன்னலில் தலையை விட்டுக் கத்தினாள்.

“ஏட்டி லூர்து, ஒங்கப்பன் வீட்டுச் சொத்தையா கேக்கேன்? பஞ்சு கேட்டா பஞ்சப்பாட்டுப் பாடுறியே! ஒனக்குப் பிரசவ வலி வந்தாத்தான் தெரியும்.”

“எனக்கு வராது. நான் கல்யாணமே கட்டல,” என்றேன். அன்று முழுக்க ஸ்டோருக்குள் எனக்குச் சிரிப்பு.

முதல் சில மாதம் நீங்கள் ஒருவர்தான் உள்ளதை உள்ளபடி எழுதினீர்கள். பத்து வேண்டுமென்றால் பத்து. அதிலும் நான் பாதிதான் கொடுத்தேன். மதினி என்று சலுகை காட்டிவிட்டாள் என்று பேச்சு வரக்கூடாதே. நீங்கள் ஒன்றும் பேசவில்லை. ஒன்றும் பேசாதது எனக்கு உறுத்தியது. இவள் ஏன் சண்டை போடவில்லை? இவளுக்கு வேறு வழியாக மருந்து வருகிறதோ? பிறகு நீங்களும் இரட்டித்து எழுத ஆரம்பித்தீர்கள். சரி, இவளும் மற்றவர்களைப் போலத்தான் என்று அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது. எப்பேர்ப்பட்ட நிம்மதி பாருங்கள்.

அந்த ஐப்பசி மழை ஞாபகம் இருக்கிறதா? நாலு நாள் விடாமல் பெய்து மலைப்பாதையில் மண் சரிந்தது. அண்ணனின் லாரி கீழே மாட்டிக்கொண்டது. டெலிபோனில் ட்ரங்க் கால் போட்டால் கரகர என்று சத்தம் மட்டும் வந்தது. ஸ்டோரில் பென்சிலின் தீர்ந்துபோனது. கடைசிக் குப்பியைக் கொடுத்துவிட்டு, இருப்பு இல்லை என்று அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டேன்.

மறுநாள் பூண்டியிலிருந்து ஒரு பெண் இரண்டு வயதுப் பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கத்துப் பாதை மட்டும் திறந்திருந்தது. பிள்ளைக்கு நெஞ்சுச்சளி முற்றி நிமோனியா. விலா உள்ளே போய்ப் போய் வந்தது. டாக்டர் பென்சிலின் எழுதினார். ஸ்டோரில் இல்லை என்று சொல்ல நான் வார்டுக்கு வந்தேன். அந்தப் பெண் என் காலைப் பிடித்துக்கொண்டாள். “நர்சம்மா, எம்புள்ளைய விட்றாதீங்க,” என்றாள். நான் நர்சு இல்லை, ஸ்டோர்க்காரி.

நீங்கள் அலமாரியைத் திறந்தீர்கள். மடித்து வைத்த விரிப்புகளுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தீர்கள். அதற்குள் பென்சிலின்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? பிள்ளை பிழைத்துவிடும் என்ற சந்தோஷம்தானே? எனக்கு மூக்குதான் வேர்த்தது.

“ஏது மதினி இது?”

“இருந்துச்சு லூர்து. மழைக்குன்னு ஒதுக்கி வச்சேன்.”

“ஸ்டோர்லயே இல்லாத சாமான் வார்டுல எப்படி இருக்கும்?”

“நீ பாதி குடுத்தா மீதிப் பாதிக்கு நான் எங்க போக? இப்ப இதுவா சோலி? வெரசா தள்ளு, புள்ள கெடக்குற கெடையப் பாரு.”

பிள்ளை பிழைத்தது. ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் வீட்டுக்குப் போகும்போது உங்களுக்கு ஒரு கூடை கேரட் கொடுத்தாள். நீங்கள் அதில் பாதியை எனக்குக் கொடுத்தனுப்பினீர்கள். நான் அதையும் வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்த அட்டைப்பெட்டி என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. எத்தனை பெட்டி வைத்திருக்கிறாள்? வீட்டுக்கும் போகிறதா? அண்ணனுக்குத் தெரியுமா?

அதற்குப் பிறகு உங்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. வார்டு பக்கம் சோலி இல்லாவிட்டாலும் போய் எட்டிப் பார்த்தேன். ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நீங்கள் காலிக் குப்பிகளைக் கழுவித் துடைத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டிருந்தீர்கள். காலிப் பென்சிலின் குப்பிகளை வாங்கி உள்ளே ஏதோ பொடியை அடைத்து விற்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது என்று அந்த வருஷம் சந்தைப் பக்கம் ஒரே பேச்சு. குப்பையில் போட வேண்டியதை எதற்காகக் கழுவி வைக்கிறாள்?

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உங்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அந்த ஞாயிறு நீங்கள் அடுக்களையில் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் வெளியே ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளறையில் போய் அந்த டின்னைத் தேடினேன். தேட வேண்டிய அவசியமே இல்லை, மேசைமேலேயே இருந்தது. திறந்து பார்த்தேன். நிறையக் குப்பிகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலால் ஒரு துண்டுக் காகிதம் கட்டியிருந்தது. காகிதத்தில் எண்ணும் கிழமையும் ஒரு பெயரும். வாங்குகிறவன் பெயர் என்று முடிவு கட்டினேன். ‘முருகன்’, ‘சகாயம்’, ‘பேச்சி’. பேச்சி என்று ஒரு வியாபாரி இருப்பானா என்று யோசிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆட்டுக்கறிக் குழம்பு. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். அதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

உங்களிடமே கேட்டிருக்கலாம். பல தடவை யோசித்திருக்கிறேன், ஏன் கேட்கவில்லை என்று. கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். அதைவிட, எனக்குப் பயம் மதினி. லாரி, ஸ்டோர், வார்டு, மூன்றிலும் ஒரே குடும்பம். இது வெளியே வந்தால் என்னையும் சேர்த்துத்தான் கூண்டில் ஏற்றுவார்கள். முதலில் சொல்கிறவள் தப்பித்துக்கொள்வாள் என்று தோன்றியது. உண்மைக் காரணம் இதுதான். ஆஸ்பத்திரியின் நன்மை, நோயாளிகளின் நன்மை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் பொய்.

இடது கையால் எழுதினேன். ‘குழந்தைகள் வார்டு ஜெயராணியின் அலமாரியைத் திறந்து பார்க்கவும். அவள் புருஷன் லாரியையும் பார்க்கவும்.’ அவ்வளவுதான். கீழே பெயர் இல்லை. ஆஸ்பத்திரிக் கோவில் காணிக்கைப் பெட்டியில் போட்டேன். அந்தப் பெட்டியை மதர் ஒருவர்தான் திறப்பார். போட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். பழக்கதோஷம்.

மதர் நான் நினைத்ததுபோல் செய்யவில்லை. உங்கள் அலமாரியை மட்டும் திறக்காமல் ஆஸ்பத்திரியின் எல்லா அலமாரிகளையும் ஒரே காலையில் திறக்கச் சொல்லிவிட்டார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனது நான்தான். பிரசவ வார்டில் தொட்டிலுக்கு அடியில் பென்சிலின் இருந்தது. ஆண்கள் வார்டில் பழைய எக்ஸ்ரே உறைகளுக்குள் ஊசிகள். ஆபரேஷன் அறையில் குழந்தை இயேசு சுரூபம் வைத்திருந்த பீடத்துக்குள்ளே இரண்டு பெட்டி தையல் நூல். பாக்கியம் தன் மெத்தைக்குள் பஞ்சை வைத்துத் தைத்திருந்தாள். எல்லாவற்றையும் வராந்தாவில் நீளமேசையில் பரப்பியபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மலைப்பாதை அடைத்துக் கிடந்த அந்தப் பதினொரு நாளும் ஸ்டோரில் ஒன்றும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் எல்லாமே இருந்தது.

அதில் பெரும்பகுதி தேதி முடிந்துபோன மருந்து. ஒளித்துவைத்ததை யாரும் வெளியே எடுத்துச் செலவழிப்பதில்லை, புதிதாக வருவதைத்தான் செலவழிப்பார்கள். உங்கள் பெட்டியின் அடியிலும் நாலைந்து குப்பிகள் அப்படித்தான் இருந்தன. உங்களை நல்லவளாக்குவதற்காக அதை மறைக்க மாட்டேன். நீங்களும் ஒளித்தவள்தான்.

எல்லோருக்கும் திட்டு விழுந்தது. ஆனால் காலிக் குப்பி இருந்தது உங்களிடம் மட்டும்தான், டின்னை வீட்டிலிருந்து திரும்ப வார்டு அலமாரிக்கே கொண்டுவந்து வைத்திருந்தீர்கள். மதர் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“இது எதுக்கு ஜெயராணி?”

“நெசமா எத்தன செலவாகுதுன்னு தெரிஞ்சுக்கத்தான் மதர். சீட்டுல எழுதுறது பூராம் பொய். நான் எழுதுறதும் பொய்தான். காலிக் குப்பி மட்டுந்தான் பொய் சொல்லாது. எந்தப் புள்ளைக்கு என்னைக்குப் போட்டோம்னு சீட்டுக் கட்டி வச்சிருக்கேன், பாருங்க.”

முருகனும் சகாயமும் பேச்சியும் உங்கள் வார்டுப் பிள்ளைகள்.

மதர் நம்பினாரா, நம்பவில்லையா? எனக்கு இன்னும் தெரியாது. சந்தைப் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. பெயர் கெட்டுவிடும் என்று வார்டுச் சாவியை உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு கட்டுப்போடும் அறைக்கு மாற்றினார். அண்ணனின் லாரிக்கு ஆஸ்பத்திரிச் சுமை கொடுப்பதை நிறுத்தினார்கள். அன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வந்தேன், ஆறுதல் சொல்ல. ஆமாம், ஆறுதல் சொல்லத்தான். அண்ணன் வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“எழுதுனவன் எவனா வேணா இருக்கட்டும். அவன் வீட்டுத் தண்ணி என் தொண்டையில எறங்காது. சாகுறவரைக்கும் எறங்காது.”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவரைப் பார்த்து, “சரி, உள்ள வாங்க, ஊரு பாக்குது,” என்றீர்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மதர் அந்த பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார். “இனிமே சீட்டு வேண்டாம் லூர்து. எத்தன காலிக் குப்பி வருதோ அத்தன நெறகுப்பி குடு. பாதி வெட்டுற சோலி வேண்டாம்,” என்றார். அதோடு ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு மழைப்பெட்டி. அரக்கு முத்திரை போட்டது. பாதை அடைத்தால் மட்டும் உடைக்கலாம். உடைக்காவிட்டால் உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும் அதைச் செலவுக்கு எடுத்துக்கொண்டு மழைக்கு முன்னால் புதிதாக நிரப்ப வேண்டும். மருந்து கிடந்து கெட்டுப்போகாது.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. காலிக் குப்பியை வெளியிலிருந்து பொறுக்கி வந்தால் என்ன செய்வது? பொறுக்கித்தான் வந்தார்கள். பாக்கியம் பஜார் டாக்டர் ஒருவரின் குப்பைக்கூடையிலிருந்து ஆறு குப்பி கொண்டுவந்தாள். நம் பெட்டியில் அச்சடித்திருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்துக் கையும் களவுமாகப் பிடித்தேன். அன்றைக்கு எனக்குத் திருவிழா. அதற்குப் பிறகு யாரும் முயலவில்லை. முயல வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தபிறகு எவள் மெத்தையைக் கிழித்துத் தைப்பாள்?

அடுத்த ஐப்பசியிலும் பாதை அடைத்தது. மழைப்பெட்டிகளை உடைத்தோம். எந்த வார்டிலும் இல்லை என்ற பேச்சு வரவில்லை. மதுரையிலிருந்து வேறு ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். “ஸ்டோர் லூர்தம்மா கொண்டுவந்த முறை” என்று யாரோ சொன்னார்கள். நீங்கள் கட்டுப்போடும் அறை வாசலில் கையில் கத்தரிக்கோலோடு நின்றீர்கள். உங்கள் காதில் விழுந்தது. என் காதிலும் விழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்து இன்னும் புகழ்ந்தார்கள்.

கொஞ்ச நாளில் அண்ணனுக்குச் சுமை திரும்பக் கிடைத்தது. நீங்களும் குழந்தைகள் வார்டுக்குத் திரும்பினீர்கள். ஆனால் சாவி திரும்பவில்லை. உங்களைவிட இளையவளிடம் சாவி கேட்டு வாங்கித் திறந்தீர்கள், கடைசி வரைக்கும். ஊரில் இரண்டொருவர் கடைசி வரைக்கும் குப்பிக்காரி என்றே சொன்னார்கள்.

இடையிடையே என்னிடம் கேட்பீர்கள். வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது ஒருதடவை. கிறிஸ்துமசுக்கு முறுக்குப் பிழியும்போது ஒருதடவை. “அந்தக் கடுதாசிய யாரு எழுதியிருப்பா லூர்து?” நான் பாக்கியம் என்பேன், பழைய கம்பவுண்டர் என்பேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஆளைச் சொன்னேன். நீங்கள் “இருக்கும், இருக்கும்,” என்று தலையாட்டுவீர்கள். போன மாதம் உங்கள் வார்டுக்கு எதிர்வார்டிலேயே நீங்கள் படுத்துக் கிடந்தபோது, மூச்சு வாங்கிக்கொண்டே மறுபடியும் கேட்டீர்கள். “யாரு எழுதியிருப்பா?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு மதினி? ஒறங்குங்க,” என்றேன்.

“சரி, ஒறங்குறேன்,” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். இரண்டு நாளில் போய்விட்டீர்கள்.

இன்றைக்குப் பூசைக்கு மதர் வந்திருந்தார். ஓய்வுபெற்று மதுரையில் இருக்கிறார், கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். கோவில் படியில் என் தோளைப் பிடித்து இறங்கியவர் நின்றுவிட்டார்.

“அவகிட்ட சொல்லிட்டியா லூர்து?”

“என்னது மதர்?”

“கடுதாசி ஒன்னோடதுன்னு.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்த எழுத்து ஊதா நிறத்தில் இருந்ததாம். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகிற காப்பியிங் பென்சில், ஆஸ்பத்திரியிலேயே ஸ்டோரில் மட்டும்தான் உண்டு. பெட்டிகளின் மேல் எழுத என்று வாங்கியது. இடது கையால் எழுதினால் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்த மகா கெட்டிக்காரி, ஊருக்கே தெரிந்த பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியிருக்கிறேன்.

“அன்னைக்கே ஜெயராணிகிட்ட காட்டுனேன்,” என்றார் மதர். “ஜன்னல்கிட்ட கொண்டுபோய் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் மடிச்சு எங்கையில குடுத்து, ‘யாரோ சந்தைப்பக்கத்து ஆளு மதர், இதத் தேட வேண்டாம், எங்க வீட்டுக்காரருக்கும் காட்ட வேண்டாம்’னா. நீயே ஒருநா அவகிட்ட சொல்லிருவேன்னு நெனச்சேன். சொல்லலையா?”

அவரைக் காரில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்படியானால் முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது உங்களுக்கு. தெரிந்துகொண்டே பத்து வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குச் சோறு போட்டிருக்கிறீர்கள். தெரிந்துகொண்டே யார் எழுதியது என்று கேட்டிருக்கிறீர்கள். எதற்குக் கேட்டீர்கள்? இப்போதாவது சொல்லிவிடு என்று கதவைத் திறந்து வைத்தீர்களா? இல்லை, நான் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ஆளைச் சொல்லித் தவிப்பதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தீர்களா? என் புத்தி பாருங்கள். ஒருத்தி என்னை மன்னித்திருந்தால் அதைக்கூடச் சந்தேகப்படுகிறேன். சிரித்திருந்தாலும் உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

ஒன்று மட்டும் புரிகிறது. அண்ணனுக்குத் தெரிந்திருந்தால் அவர் என் வாசலை மிதித்திருக்க மாட்டார். கல்யாணம் கட்டாத எனக்குப் போகவர இருந்தது உங்கள் வீடு ஒன்றுதான். அந்த ஒரு வீடு எனக்கு இல்லாமல் போகக்கூடாது என்று உங்கள் வார்டுச் சாவியை விட்டுக்கொடுத்தீர்கள். என்னை ஊரறியக் காட்டிக்கொடுத்திருந்தால் ஊர்ப்பேச்சு அடங்கி மறுநாளே சாவி உங்கள் இடுப்புக்குத் திரும்பியிருக்கும். ஐயோ மதினி, எனக்கு அழுகையாக வருகிறது. உங்களைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும்போல ஆத்திரமாகவும் வருகிறது.

ஸ்டோரில் இப்போதும் அந்த முறைதான் நடக்கிறது. குளுக்கோஸ் சிலது பிளாஸ்டிக் பையில் வருகிறது, காலிப் பையை வாங்கி எண்ணுகிறேன். புது டாக்டர் வந்ததும் என்னைக் கூப்பிட்டு, “இதை யார் யோசிச்சது?” என்று கேட்டார். “ரொம்ப நாளா இருக்குதுங்க,” என்று சொல்லித் தப்பித்தேன். திங்கட்கிழமை அவரிடம் போய் உங்கள் பெயரைச் சொல்லப் போகிறேன். மழைப்பெட்டியின் மேலும் உங்கள் பெயரையே எழுதிவைக்கப் போகிறேன். மலரில் இந்தக் கடிதத்தை ஒரு வரிகூட வெட்டாமல் போடுவதானால் கொடுப்பேன், இல்லாவிட்டால் கொடுக்க மாட்டேன்.

அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. நாளைக்கு ஞாயிறு. நீங்கள் போனதிலிருந்து பூசை முடிந்ததும் அண்ணன் என் வீட்டுக்குத்தான் வருகிறார். வந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் கேட்பார், குடித்துவிட்டுத்தான் உட்காருவார். நாளைக்குத் தண்ணீரைக் கொடுக்க மாட்டேன் மதினி. முதலில் இதைக் கொடுப்பேன். அவர் கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பார், உங்களுக்குத் தெரியும். முடிக்கிறவரை எங்கேயும் ஓடாமல் அவர் முன்னால் நிற்பேன். அதற்குப் பிறகும் என் வீட்டுத் தண்ணீர் வேண்டும் என்று அவர் கேட்டால் கொடுக்கிறேன். கேட்காமல் எழுந்து போனால், போகட்டும். உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு இது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உங்களைக் காட்டிக்கொடுத்தவளும்
நீங்கள் காட்டிக்கொடுக்காதவளுமான
உங்கள் நாத்தனார்
லூர்தம்மாள்